சூத்திரத்துக்கு முன் வளையங்கள்: பருப்பொருள் அலைகளைக் கற்பிப்பது பற்றி

பருப்பொருள் அலைகள் என்ற பாடம் பெரும்பாலான வகுப்புகளில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒளிக்கு அலைத்தன்மையும் துகள்தன்மையும் உண்டு. அப்படியானால் துகள்களுக்கும் அலைத்தன்மை இருந்தாக வேண்டும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி டி பிராய் 1924-ஆம் ஆண்டு தமது முனைவர் பட்ட ஆய்வேட்டில் முன்மொழிந்தார். பிளாங்க் மாறிலி என்ற இயற்கையின் அடிப்படை எண்ணை உந்தத்தால் (நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது) வகுத்தால் அலைநீளம் வரும். இனிக் கணக்குகளைப் போடலாம். மாணவர்களும் கணக்குகளைப் பிழையில்லாமல் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த அலைநீளம் எதன் அலைநீளம், அலைவது எது என்று கேட்டுவிட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். சற்றுத் தூண்டிவிட்டால் சில விடைகள் வரும். எலக்ட்ரான் பாம்பைப் போல நெளிந்து நெளிந்து செல்கிறது என்று சிலரும், எலக்ட்ரான் கரைந்து பரவிய மின்னூட்டப் படலம் என்று சிலரும் சொல்வார்கள். எஞ்சியவர்கள், அது சில நேரம் அலையாகவும் சில நேரம் துகளாகவும் இருக்கும் என்று பாடநூலில் படித்த வரியைச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது என்பதைப் போல நம்மைப் பார்ப்பார்கள்.

இதற்குக் காரணம் பாடத்தின் கடினம் மட்டுமல்ல என்பது என் எண்ணம். சூத்திரம் முதலில் வந்துவிடுவதால், அது எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்பது மாணவருக்குத் தெரியாமலே போகிறது. ஒளிக்கு உள்ளது துகளுக்கும் இருக்க வேண்டும் என்ற சமச்சீர் சார்ந்த அழகியல் வாதம் டி பிராய்க்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். சார்பியல் கோட்பாட்டையும் பிளாங்க்கின் குவாண்டம் கருத்தையும் கரைத்துக் குடித்தவர் அவர். பதினேழு வயது மாணவருக்கு அந்த வாதம், ஆசிரியர் சொல்கிறார் என்பதற்காக ஏற்றுக்கொள்ள வேண்டிய இன்னொரு செய்திதான். ஆகவே நான் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதைக் கூடியவரை தள்ளிப்போடுகிறேன். முதலில் திரையில் தெரியும் வளையங்கள், பிறகு அவற்றின் அளவு, அதன் பிறகே சூத்திரம்.

அதற்கு உதவும் கருவி, காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாய். அதன் ஒரு முனையில் சூடான இழையிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிவருகின்றன. சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் அவற்றை முடுக்குகிறது. வழியில் மெல்லிய கம்பி வலைமீது படிந்த கிராஃபைட் படலம் ஒன்றை அவை ஊடுருவிச் சென்று, மறுமுனையில் ஒளிரும் பூச்சுள்ள திரையில் விழுகின்றன. அறையை இருட்டாக்கி மின்னழுத்தத்தை ஏற்றினால், நடுவில் பிரகாசமான புள்ளியும் அதைச் சுற்றி இரண்டு பச்சை வளையங்களும் தெரியும். (நடுப்புள்ளியை நெடுநேரம் ஒரே இடத்தில் பிரகாசமாக விட்டுவைக்கக் கூடாது, திரையின் பூச்சு கெட்டுவிடும். ஆர்வத்தில் எல்லோரும் மறந்துவிடும் செய்தி இது.)

வளையங்களைக் காட்டியவுடன் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடாமல் ஒரு கேள்வியை முன்வைக்கிறேன்: மின்னழுத்தத்தை இன்னும் கூட்டினால் வளையங்கள் விரியுமா, சுருங்குமா? ஒவ்வொருவரும் விடையைத் தாளில் எழுதிய பிறகுதான் குமிழைத் திருகுவேன். பெரும்பாலோர் விரியும் என்றே எழுதுகிறார்கள். வேகமாக வரும் எலக்ட்ரான் அணுக்களில் மோதி இன்னும் பலமாகச் சிதறும் என்பது அவர்களுடைய காரணம். துகள் என்ற எண்ணத்தோடு பார்த்தால் அது பொருத்தமான காரணமாகவே அவர்களுக்குப் படுகிறது. ஆனால் வளையங்கள் சுருங்குகின்றன. படலத்துக்கும் திரைக்கும் இடையே 13.5 செ.மீ. தொலைவுள்ள குழாயில் 3,000 வோல்ட்டில் ஏறக்குறைய 28 மி.மீ. விட்டம் கொண்டிருந்த உள்வளையம், 5,000 வோல்ட்டில் 22 மி.மீ. ஆகிவிடுகிறது, வெளிவளையம் 49 மி.மீட்டரிலிருந்து 38-க்கு இறங்குகிறது. இரண்டும் ஒரே விகிதத்தில் சுருங்குகின்றன என்பதை யாராவது ஒருவர் கவனித்துச் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் நான் கேட்பேன். கிராஃபைட்டின் அணு அடுக்குகளுக்கிடையே 2.13 ஆங்ஸ்ட்ரம், 1.23 ஆங்ஸ்ட்ரம் (ஓர் ஆங்ஸ்ட்ரம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என்ற இரண்டு இடைவெளிகள் இந்தச் சோதனையில் பங்கேற்கின்றன என்பது எக்ஸ் கதிர் ஆய்வுகளால் ஏற்கெனவே அறிந்த செய்தி. நெருக்கமான இடைவெளி பெரிய வளையத்தைத் தருகிறது. ஒளி நெருக்கமான இடைவெளிகளைக் கடக்கும்போது வளைந்து பரவும் விளிம்பு விளைவைப் படித்த மாணவருக்கு இது பழக்கமான நடத்தை.

உடனே ஒரு நியாயமான ஐயம் எழ வேண்டும். திரைக்கு வருவது எலக்ட்ரான்தானா? படலத்தில் எலக்ட்ரான்கள் மோதும்போது எக்ஸ் கதிர்கள் பிறந்து, அவை வளையங்களை உருவாக்கியிருக்கலாம் அல்லவா? இந்த ஐயத்தை மாணவர் எழுப்பாவிட்டால் ஆசிரியர் எழுப்ப வேண்டும். விடை மேசைமேல் இருக்கும் ஒரு சாதாரணக் காந்தத்தில் இருக்கிறது. அதைக் குழாயின் அருகே கொண்டுவந்தால் நடுப்புள்ளியும் வளையங்களும் ஒருசேர நகர்ந்து கோணலாகின்றன. காந்தப்புலம் எக்ஸ் கதிர்களை வளைப்பதில்லை. மின்னூட்டம் உள்ளவற்றையே வளைக்கும். வளையத்தை உருவாக்குவது அலைக்குரிய நடத்தை, ஆனால் அப்படி நடந்துகொள்வது மின்னூட்டமும் நிறையும் உடைய எலக்ட்ரான். இந்த இரண்டு உண்மைகளும் ஒரே திரையில் ஒரே நேரத்தில் தெரிவதால், ‘சில நேரம் அலை, சில நேரம் துகள்’ என்ற வாசகம் அங்கேயே ஆட்டம் கண்டுவிடுகிறது.

பிறகு அளவெடுப்பு. வெவ்வேறு மின்னழுத்தங்களில் வளைய விட்டத்தை அளந்து, மின்னழுத்தத்தின் வர்க்கமூலத்தின் தலைகீழ் மதிப்புக்கு எதிராக வரைபடம் வரைந்தால் நேர்கோடு கிடைக்கிறது. மின்னழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் விட்டம் பாதியாகும். எலக்ட்ரானின் உந்தம் மின்னழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அலைநீளம் உந்தத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது என்பது மாணவரின் கையாலேயே வெளிவருகிறது. விகித மாறிலியைக் கணக்கிட்டால் அது பிளாங்க் மாறிலிக்கு அருகில் வந்து நிற்கும். இந்தக் கட்டத்தில் டி பிராயின் பெயரைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். தாங்கள் இப்போது அளந்து கண்டதை ஒருவர் எந்தச் சோதனையும் செய்யாமலே முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கிறது.

குழாய் இல்லாத பள்ளிகளே மிகுதி. அங்கே அமெரிக்க இயற்பியலாளர்கள் டேவிசன், ஜெர்மர் இருவரும் 1927-இல் வெளியிட்ட எண்களை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இதே வேலையைச் செய்யலாம். அந்தச் சோதனையின் பின்னணியும் சுவையானது. நிக்கல் பரப்பில் எலக்ட்ரான்கள் எப்படிச் சிதறுகின்றன என்பதை அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, 1925-இல் வெற்றிடக் குழாய்க்குள் காற்று புகுந்து நிக்கல் ஆக்சிஜனேற்றம் அடைந்தது. அதைச் சீராக்க உயர் வெப்பநிலையில் நெடுநேரம் சூடேற்றினார்கள். அதனால் பல சிறு படிகங்களாக இருந்த நிக்கல் சில பெரிய படிகங்களாக மாறிவிட்டது. அதன் பிறகு எடுத்த அளவீடுகள் முன்னவற்றைப் போல இல்லை. அடுத்த ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த அறிவியல் கூட்டத்தில், டேவிசனின் பழைய அளவீடுகளை டி பிராயின் அலைகளுக்குச் சான்றாக ஜெர்மன் இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் குறிப்பிட்டதைக் கேட்ட பிறகே, தாம் எதைத் தேட வேண்டும் என்பது டேவிசனுக்குத் தெளிவானது. விபத்தால் விளைந்த கண்டுபிடிப்பு என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். ஆனால் விபத்து படிகத்தைத்தான் தந்தது. எந்தக் கோணத்தில், எந்த மின்னழுத்தத்தில் உச்சத்தைத் தேடுவது என்பதைக் கோட்பாடு சொல்ல வேண்டியிருந்தது.

வகுப்பில் நான் கொடுப்பது மூன்று எண்களை மட்டுமே: எலக்ட்ரான்களை முடுக்கிய 54 வோல்ட், சிதறல் உச்சமடைந்த 50 பாகைக் கோணம், நிக்கலின் அணு வரிசைகளுக்கிடையே உள்ள 2.15 ஆங்ஸ்ட்ரம். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் கோணத்தையும் நிக்கல் பரப்பின் அணு வரிசைகளுக்கிடையே உள்ள தொலைவையும் மட்டும் சொல்வேன். அவர்கள் 2.15-ஐ 50 பாகையின் சைன் மதிப்பால் பெருக்கி 1.65 ஆங்ஸ்ட்ரம் என்ற அலைநீளத்தை அடைவார்கள். மறுபாதியினருக்கு மின்னழுத்தம் மட்டும். டி பிராயின் சூத்திரத்தில் எலக்ட்ரானின் நிறை, மின்னூட்டம், பிளாங்க் மாறிலி ஆகியவற்றை இட்டால் கிடைக்கும் 12.27-ஐ 54-இன் வர்க்கமூலத்தால் வகுத்து அவர்கள் 1.67 ஆங்ஸ்ட்ரம் என்பார்கள். முதல் பாதியினரின் கணக்கில் எலக்ட்ரானின் நிறையோ பிளாங்க் மாறிலியோ இல்லை; இரண்டாம் பாதியினரின் கணக்கில் படிகம் என்ற ஒன்றே இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகள் ஒரே எண்ணில் வந்து சேர்வதைவிடச் சிறந்த வாதம் இந்தப் பாடத்தில் வேறில்லை.

அதே காலத்தில் அபர்டீனில் ஜி. பி. தாம்சன் மெல்லிய படலங்களின் ஊடாக எலக்ட்ரான்களைச் செலுத்தி வளையங்களைக் கண்டார். 1937-இல் டேவிசனும் அவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். எலக்ட்ரான் துகள் என்று நிறுவியதற்காகத் தந்தை ஜே. ஜே. தாம்சனும், அது அலை என்று நிறுவியதற்காக மகனும் பரிசு பெற்றார்கள் என்ற கதையை எல்லா ஆசிரியர்களும் சொல்வதுண்டு. எனக்கு அந்தக் கதையில் அவ்வளவு ஈடுபாடில்லை. தந்தைக்கு 1906-இல் கிடைத்த பரிசு வாயுக்களின் வழியே மின்சாரம் பாய்வது பற்றிய ஆய்வுகளுக்கானது. அதைவிட முக்கியமாக, தந்தையின் முடிவை மகன் கவிழ்த்துவிட்டார் என்ற எண்ணத்தைக் கதை விதைத்துவிடுகிறது. மகன் ஆராய்ந்ததும் தந்தை அளந்த அதே மின்னூட்டமும் நிறையும் கொண்ட எலக்ட்ரானைத்தான்.

இனி, அலைவது எது என்ற கேள்வி. வளையங்களை மட்டும் பார்த்த மாணவர், ஏராளமான எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக் கூட்டாக அலைபோல் நடந்துகொள்கின்றன என்று எண்ணிக்கொள்ள இடமிருக்கிறது. நீரலையும் ஒலியலையும் அப்படித்தானே உருவாகின்றன? இந்த எண்ணத்தை உடைக்க, திரைக்குச் செல்ல இரண்டு வழிகள் திறந்திருக்க, எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிய சோதனையைக் காட்ட வேண்டும். இத்தாலியின் பொலோன்யாவில் மெர்லி, மிசிரோலி, பொட்சி ஆகியோர் 1970-களிலும், ஜப்பானில் டோனோமுராவின் குழுவினர் 1989-இலும் இதைச் செய்தனர். திரையில் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் விழுகின்றன. எந்த ஒழுங்கும் புலப்படுவதில்லை. புள்ளிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு, அடர்ந்த பட்டைகளும் வெறுமையான பட்டைகளும் மாறி மாறி உருவெடுக்கின்றன.

படத்தைக் காட்டுவதற்கு முன் சிறு கணக்கு ஒன்றைப் போடச் சொல்வது நல்லது. 50,000 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான் விநாடிக்கு ஏறக்குறைய 1,24,000 கி.மீ. செல்லும். விநாடிக்கு ஆயிரம் எலக்ட்ரான்கள் வருவதாக வைத்துக்கொண்டாலும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 124 கி.மீ. இடைவெளி இருக்கும். கருவியின் நீளமோ ஓரிரு மீட்டர். முந்தைய எலக்ட்ரான் திரையில் விழுந்து முடிந்த பின்னர்தான் அடுத்தது புறப்படவே செய்கிறது. எதனோடு எது மோதியது? ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரே புள்ளியில் முழுமையாகவே விழுகிறது. பாதி எலக்ட்ரானோ சிதறிய மின்னூட்டமோ எங்கும் பதிவாவதில்லை. ஆகவே நெளியும் பாதையும் நிற்காது, கரைந்த படலமும் நிற்காது. 1926-இல் மாக்ஸ் போர்ன் தந்த விளக்கத்துக்கு இப்போது இடம் கிடைக்கிறது: எலக்ட்ரானைக் குறிக்கும் அலையின் கணித வடிவமான அலைச்சார்புக்கு ஓர் இடத்தில் உள்ள வீச்சை வர்க்கப்படுத்தினால், எலக்ட்ரான் அந்த இடத்தில் கண்டறியப்படுவதற்கான நிகழ்தகவு கிடைக்கும். இரு வழிகளுக்கும் உரிய வீச்சுகளை முதலில் கூட்டி, பிறகு வர்க்கப்படுத்த வேண்டும். நிகழ்தகவுகளையே நேரடியாகக் கூட்டினால் பட்டைகள் வருவதில்லை. பள்ளி மாணவருக்குக்கூட இந்த வரிசையைச் சொல்லலாம் என்பது என் உறுதியான கருத்து. கூட்டலில் எதிரெதிர்க் குறிகள் ஒன்றையொன்று நீக்கிவிடும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கணிதம்தான்.

இந்த இடத்தைத் தாண்டியவர்களிடமிருந்து நல்ல கேள்விகள் வரத் தொடங்குகின்றன. அவற்றுள் ஒன்று வேகத்தைப் பற்றியது. அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கினால் அலையின் வேகம் வரும் என்று கற்ற மாணவர், ஆற்றலைப் பிளாங்க் மாறிலியால் வகுத்து அதிர்வெண் கண்டு, இயக்க ஆற்றலை மட்டும் கணக்கில் கொண்டு பெருக்கிப் பார்த்தால், எலக்ட்ரானின் வேகத்தில் சரிபாதி விடையாக வருகிறது. அலை, தான் குறிக்கும் துகளைவிடப் பின்தங்கிவிட்டதா என்று அவர் திகைப்பார். அவர் கண்டது தனியொரு முகடு நகரும் வேகத்தை. எலக்ட்ரான் இருக்கக்கூடிய இடம் நகர்வதோ பல அலைநீளங்கள் சேர்ந்த அலைத்தொகுப்பின் வேகத்தில். அந்த இரண்டாவது வேகம் எலக்ட்ரானின் வேகத்தோடு சரியாகப் பொருந்துகிறது. ஃபோட்டானுக்குரிய ஆற்றல்–அலைநீளத் தொடர்பை அப்படியே எலக்ட்ரானுக்குப் போடுவதும் அடிக்கடி காணும் பிழை. 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு 1.23 ஆங்ஸ்ட்ரம் வர வேண்டிய இடத்தில் 124 ஆங்ஸ்ட்ரம் வந்து நிற்கும்.

இன்னொரு கேள்வி அரிதாகவே வரும், ஆனால் வரும்போது அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். எலக்ட்ரானோடு அதே வேகத்தில் செல்லும் ஒருவருக்கு எலக்ட்ரானின் உந்தம் சுழி. அவருக்கு அலைநீளம் முடிவிலியா? ஆம். நீரலையின் இரண்டு முகடுகளுக்கிடையே உள்ள தொலைவைக் கரையில் நிற்பவர் அளந்தாலும் படகில் போகிறவர் அளந்தாலும் ஒரே எண்தான் கிடைக்கும். அதிர்வெண் மட்டுமே மாறும். பருப்பொருள் அலையில் அலைநீளமே ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஏதோ ஓர் ஊடகத்தில் மேடும் பள்ளமுமாக எழுந்து தாழும் அலை இதுவல்ல என்பதற்கு இதைவிட நேரடியான அடையாளம் இல்லை. ஆனால் திரையில் எந்தெந்த இடத்தில் புள்ளிகள் அடர்த்தியாக விழும் என்பதில் இருவரும் ஒரே விடைக்கே வருகிறார்கள். வழிகளுக்கிடையே உள்ள கட்ட வேறுபாட்டைத்தான், அதாவது ஒரு வழியின் முகடு மற்றதன் முகட்டிலிருந்து எவ்வளவு விலகி வருகிறது என்பதைத்தான், சோதனை உணர்கிறது.

இனி, எல்லாப் பாடநூல்களிலும் இருக்கும் பந்துக் கணக்கு. 150 கிராம் நிறையுள்ள பந்து விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் அலைநீளம் ஏறக்குறைய 1.5 × 10⁻³⁴ மீட்டர். ஆகவே அலைத்தன்மை புலப்படாது. எண் சரி. ஆனால் இதைப் பாடத்தின் தொடக்கத்திலேயே வைத்தால், சிறியவற்றுக்கு ஒரு சட்டம், பெரியவற்றுக்கு வேறொரு சட்டம் என்று மாணவர் முடிவுகட்டிவிடுகிறார். மேலும், பந்தைத் தரையில் வைத்துவிட்டால் உந்தம் சுழியாகி அலைநீளம் முடிவிலியாகாதா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் விடையில்லை. கேள்வியை நேராக எதிர்கொள்ளலாம். அந்தப் பந்தின் அலைநீளம் ஓர் ஆங்ஸ்ட்ரம் ஆக வேண்டுமென்றால் அதன் வேகம் விநாடிக்கு 4.4 × 10⁻²³ மீட்டராக இருக்க வேண்டும். அந்த வேகத்தில் ஓராண்டு சென்றாலும் பந்து ஒரு புரோட்டானின் விட்டத்தைக்கூடக் கடந்திருக்காது. அறை வெப்பநிலையில் இருக்கும் பந்தின் நிறைமையமோ, சுற்றியுள்ள மூலக்கூறுகள் இடிப்பதால், விநாடிக்கு 10⁻¹⁰ மீட்டர் என்ற அளவில் எப்போதும் நடுங்கிக்கொண்டிருக்கிறது. தேவையான அமைதியைவிட இது சில லட்சம் கோடி மடங்கு மிகுதி. அசையாத பந்து என்ற ஒன்று வகுப்பறையில் கிடையாது.

சிறியது, பெரியது என்ற கோடு உண்மையில் எங்கும் கிழிக்கப்பட்டிருக்கவில்லை. 1930-இல் எஸ்டர்மான், ஸ்டெர்ன் இருவரும் லித்தியம் ஃபுளோரைடு படிகத்தின்மீது ஹீலியம் அணுக்களைச் செலுத்தி விளிம்பு விளைவைக் கண்டார்கள். 1999-இல் வியன்னாவில், 60 கார்பன் அணுக்களாலான ஃபுல்லரீன் மூலக்கூறுகள் 100 நானோமீட்டர் இடைவெளியுள்ள, நுண்ணிய பிளவுகளின் வரிசையான கீற்றணியைக் கடந்து குறுக்கீட்டுப் பட்டைகளை உருவாக்கின. அவற்றின் அலைநீளம் 2.5 பிகோமீட்டர், மூலக்கூறின் அளவு அதைப்போல ஏறக்குறைய 400 மடங்கு. தன்னைவிட இவ்வளவு சிறிய அலைநீளம் ஒரு பொருளுக்கு இருக்க முடியுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். அலைநீளம் மூலக்கூறின் உருவ அளவல்ல, அதன் நகர்வின் உந்தத்தைப் பொறுத்தது என்று அப்போது சொன்னால் எளிதில் விளங்கிவிடுகிறது. 2019-இல் வெளியான முடிவுகளில் இந்த எல்லை 25,000 அணு நிறை அலகுக்கும் மேல் போய்விட்டது.

அப்படியென்றால் பந்தைத் தடுப்பது எது? அலைநீளத்தின் சிறுமை விடையின் ஒரு பகுதி. மறுபகுதியை வியன்னா குழுவினரே 2004-இல் காட்டினார்கள். 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கி அனுப்பியபோது, வெப்பம் ஏற ஏறப் பட்டைகள் மங்கி, முடிவில் மறைந்தன. அலைநீளம் மாறவில்லை, கீற்றணியும் மாறவில்லை. சூடான மூலக்கூறு வழியிலேயே ஃபோட்டான்களை உமிழ்கிறது. அந்த ஃபோட்டான்கள் மூலக்கூறு எவ்வழியே சென்றது என்ற செய்தியைச் சுமந்து சென்றுவிடுகின்றன. அந்தச் செய்தியை யாரும் படித்துப் பார்க்கத் தேவையில்லை. அது வெளியேறியிருந்தாலே போதும். ‘பார்த்தால் அலைத்தன்மை மறைந்துவிடும்’ என்று மேடைகளில் மர்மமாகச் சொல்லப்படுவதன் இயற்பியல் பொருள் இவ்வளவுதான். கண்ணுக்கும் மனத்துக்கும் அங்கே வேலையில்லை.

எனவே பந்துக் கணக்கை நான் பாடத்தின் கடைசியில், இரண்டு பகுதிகளாகக் கொடுக்கிறேன். முதல் பகுதி வழக்கமான அலைநீளம். இரண்டாம் பகுதியில், அறை வெப்பநிலையில் உள்ள அதே பந்து விநாடிக்கு எத்தனை வெப்ப ஃபோட்டான்களை உமிழ்கிறது என்று தோராயமாக மதிப்பிட வேண்டும். பரப்பையும் வெப்பநிலையையும் வைத்து உமிழும் ஆற்றலைக் கண்டு, அதை ஒரு ஃபோட்டானின் சராசரி ஆற்றலால் வகுத்தால் 10²⁰-க்கும் மேற்பட்ட எண் வருகிறது. அவற்றுள் ஒவ்வொன்றும் பந்து எங்கே இருந்தது என்பதை வெளியே சொல்லிக்கொண்டு போகிறது.